உப்பளக் கரையும் இலத்திரனின் பாதையும்

வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டில் தொடங்கி, தெற்கே மகா ஓயா கடலிற் கலக்கும் இடம்வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கரையோரம். வலையும் தோணியும், உப்பும் கருவாடும், தென்னையும் இறாற்பண்ணையும் இக்கரை மக்களின் சீவனோபாயங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து தஞ்சம் புகுந்ததும் இக்கரையிலேதான். இதன் வரலாற்றை எழுதப் புகுவோர், 1344இல் இபின் பதூதா வந்திறங்கியதைச் சொல்வர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியதைச் சொல்வர். நாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்புவது கண்ணுக்குத் தெரியாத வேறொரு பயணியின் வரலாறு. அப்பயணியின் பெயர் இலத்திரன்.

இக்கரைக்கும் இலத்திரனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். உடப்பிலோ கற்பிட்டியிலோ கடலுக்குப் போகும் தொழிலாளியின் மடியில் இன்று கைத்தொலைபேசி இருக்கின்றது. காற்றின் போக்கையும் மீனின் விலையையும் அவர் அதிலேதான் அறிந்துகொள்கிறார். அதனுள்ளே விரல் நகத்தளவான ஒரு சில்லு. அச்சில்லிலே நூறு கோடிக்கு மேற்பட்ட திரான்சிற்றர்கள். அத்திரான்சிற்றர்களினூடே இலத்திரன் எவ்வாறு செல்கின்றது? அப்பாதையைக் கண்டறிந்தவர்கள் யார்? அதன் படலை இன்று யார் கையில் இருக்கின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் இக்கரையில் நின்றுகொண்டே விடை தேடலாம். வடக்கிலிருந்து தெற்காக நடந்து வருவோம்.

செம்பு

குடாநாட்டின் மேற்குக் கரையிலே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. 2006இல் கட்டுமானம் தொடங்கி, 2011 மார்ச்சு மாதத்தில் முதலாவது அலகு இயங்கிற்று. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவெய்தின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று. மொத்தம் 900 மெகாவாற்று. சீனக் கடனிலே எழுந்த இந்நிலையம் நாட்டின் மின்தேவையிற் பெரும்பங்கைச் சுமக்கின்றது. நிலக்கரித் தூசையும் சாம்பலையும் சுமப்பவர்கள் சுற்றியுள்ள கமக்காரரும் கடற்றொழிலாளருமே. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனபோது, இங்குள்ள மூன்று அலகுகளும் ஒருங்கே நின்றன. மீண்டும் அவற்றை இயக்கி முடிக்கும்வரை பல நாட்கள் மின்வெட்டு நிலவியது. ஓர் ஊர் தும்மினால் ஒரு நாடே இருளும் அளவுக்கு நம் வாழ்வு இலத்திரனோடு பிணைந்துவிட்டது.

இந்நிலையத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கம்பி வழியே ஓடிவந்து நம் வீட்டு விளக்கை ஏற்றுகின்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் அம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, இலத்திரன் கூட்டம் ஒரு செக்கனில் நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. நத்தைகூட அதனை முந்திவிடும். அதுவும் நம் வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை திசை மாறுவது. ஆகவே, நமது வீட்டுக் கம்பியிலுள்ள இலத்திரன் ஒரு மயிரிழையின் அகலத்தைத் தானும் தாண்டாது முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நிற்கின்றது. வேகமாக வந்து சேர்வது அதனைத் தள்ளுகின்ற மின்புலமேயாகும்.

இலத்திரன் ஏன் இவ்வளவு மெதுவாகச் செல்கின்றது? இலத்திரன் உண்டென்று 1897இல் ஜே. ஜே. தொம்சன் நிறுவிய பின்னர், மூன்றே ஆண்டுகளில் போல் துரூடே என்னும் செர்மானியர் ஒரு விடை கூறினார். உலோகத்தினுள்ளே இலத்திரன்கள் ஒரு வாயுவைப் போல அலைகின்றன. அணுக்களோடு மோதி மோதித் திசை கெடுகின்றன. இம்மோதல்களே தடை என்பது அவர் கொள்கை. சந்தைக்குள் அவசரமாகப் போக முயல்கின்றவனின் நிலையே இலத்திரனின் நிலை என்றார் போலும். ஓமின் விதி இதிலிருந்து அழகாகப் பிறந்தது. ஆயினும் கொள்கையில் ஒரு குறை இருந்தது. 1928இல் பீலிக்சு புளொக் என்னும் இளைஞர் அதனை வெளிப்படுத்தினார். இலத்திரன் அலையின் இயல்பும் உடையது. அணுக்கள் ஒழுங்கு தவறாது அடுக்கப்பட்ட பளிங்கினூடே அந்த அலை தடையின்றியே செல்லும். எனவே, அணுக்கள் இருப்பது தடைக்குக் காரணமன்று. அவற்றின் ஒழுங்கு குலைவதே காரணம். வெப்பத்தால் அணுக்கள் நடுங்குவதும், இடையிலே வேற்றணுக்கள் புகுந்திருப்பதும் இலத்திரனைச் சிதறடிக்கின்றன.

இந்த ஆராய்ச்சியிலே தமிழ் மண்ணிற் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு. 1898இல் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எசு. கிருட்டிணனை இராமன் விளைவின் துணைவராகவே நம் மாணவர் அறிவர். 1940களின் நடுப்பகுதியில், அலகாபாத்திற் பணியாற்றியபோது, ஏ. பி. பாட்டியா என்பாருடன் சேர்ந்து அவர் வேறொரு வினாவை எடுத்தார்: உருகிய உலோகத்தின் மின்தடையை எவ்வாறு கணிப்பது? அணுக்களின் ஒழுங்கீனத்தை ஊடுகதிர்கள் காட்டித் தருகின்றன. அதே ஒழுங்கீனமே இலத்திரனையும் சிதறடிப்பது. ஆகவே ஒன்றை அளந்து மற்றதைக் கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். அவ்வழி 1960களில் இங்கிலாந்திலே மேலும் விரிவாக வளர்ந்தது. அடிமை நாடொன்றின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த விடை அது என்பதை நம் ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்லுதல் வேண்டும்.

உப்பு

குடாநாட்டைக் கடந்து களப்போரமாக வந்தால் புத்தளத்து உப்பளங்கள். களப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலே வற்றவைத்து, தொழிலாளர் உப்பு வாருகின்றனர். பிரித்தானியர் காலத்தில் இந்த உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாயிருந்தது. கடல் எல்லார்க்கும் பொது, வெயில் எல்லார்க்கும் பொது. உழைப்போ உப்பளத் தொழிலாளியினது. விலையை மட்டும் வேறொருவர் நிருணயித்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியிலே இது நமக்கு வேண்டும்.

கையில் ஒரு உப்புப் பளிங்கை எடுத்துப் பார்ப்போம். செம்பைப் போலவே இதுவும் ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களால் ஆனது. ஆயினும் இதனூடே மின்சாரம் செல்வதில்லை. காரணத்தை 1931இல் அலன் வில்சன் என்னும் ஆங்கிலேயர் தெளிவாக்கினார். பளிங்கிலே இலத்திரன்கள் எந்தச் சத்தியையும் கொள்ள முடியாது; சில சத்திப்பட்டைகளிலேயே இருக்க முடியும். உப்பிலே கீழ்ப்பட்டை முற்றாக நிறைந்துள்ளது, மேற்பட்டை வெறுமையாயுள்ளது, இரண்டுக்கும் இடையே பெரியதோர் இடைவெளி. நிறைந்த பட்டையில் நகர இடமில்லை. வெறும் பட்டையில் நகர ஆளில்லை. செம்பிலோ அரைகுறையாக நிறைந்த பட்டை உண்டு. ஆகவே ஓட்டம் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை குறைகடத்திகள். சேர்மானியம், சிலிக்கன் ஆகியவற்றில் இடைவெளி சிறியது. வேற்றணுக்களை மிகச் சிறிதளவு கலந்தால், நாம் விரும்பிய அளவுக்கு இலத்திரனை அவற்றில் ஓடவிடலாம்.

இக்குறைகடத்திகளின் முற்கதை மேற்குலகுக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவில் சகதீசு சந்திர போசு, கலீனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கினால் வானொலி அலையை உணரும் கருவி செய்தார். 1901இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. சோவியத்து நாட்டிலே ஒலெகு லோசெவ் என்பார், முறையான பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றி, 1920களில் பளிங்குத் துண்டுகளைக் கொண்டு அலைகளைப் பெருக்கியும், பளிங்கிலே ஒளி பிறப்பதைக் கண்டும் எழுதினார். 1942இல் இலெனின்கிராது முற்றுகையின்போது அவர் பட்டினியால் மாண்டார். நாற்பதே ஆண்டுகள் நிறையாத வயது அது.

உப்பளத்தைவிட்டு நீங்குமுன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வோம். இரு பாத்திகளுக்கிடையே ஒரு சிறு மதகு. அதிலே ஒரு பலகை. பலகையை விரலளவு உயர்த்தினால் பெருநீர் பாயும், தாழ்த்தினால் நின்றுவிடும். சிறு அசைவு பேரோட்டத்தை ஆளுகின்றது. திரான்சிற்றர் என்பதன் தத்துவம் முழுவதும் இம்மதகிலே அடங்கியிருக்கின்றது.

வெற்றிடம்

முந்தலையும் உடப்பையும் சிலாபத்தையும் கடந்து வந்தால் இரணவில. 1983இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, அமெரிக்காவின் குரல் வானொலிக்கு இங்கே அஞ்சல் நிலையமொன்று அமைக்கப்பட்டது. 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இவ்விடயம் இடம்பெற்றது: பிறநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் படைத்துறைக்கோ உளவுக்கோ பயன்படலாகாது என்பதே அதன் சாரம். 1990களிற் கட்டடங்கள் எழும்பியபோது, காணியையும் கடலையும் எண்ணி அஞ்சிய கரையோர மக்கள் எதிர்த்து நின்றனர். எனினும் நிலையம் எழுந்தது, ஒலித்தது, 2016இல் ஓய்ந்தது. 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது அக்கட்டடங்கள் நோயாளருக்கான சிகிச்சை நிலையமாயின. வல்லரசின் குரலுக்கென எழுந்த இடம் கடைசியில் நோயாளியின் இருமலைக் கேட்டது.

இத்தகைய பெருவலு ஒலிபரப்பிகளின் இருதயமாயிருந்தது வெற்றிடக் குழாய், அதாவது வால்வு. 1904இல் பிளெமிங்கும், 1906இல் டி பொறெஸ்றும் அதனை உருவாக்கினர். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயிலே சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் தெறித்து எதிர்முனைக்குப் பறக்கின்றன. இடையிலுள்ள வலைக்குச் சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்து அப்பறப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். மதகுப் பலகையின் வேலையை அந்த வலை செய்கின்றது. கவனிக்க வேண்டியது ஒன்று: வெற்றிடத்திலே மோதுவதற்கு அணு இல்லை. எறிந்த கல்லைப் போல இலத்திரன் நேரே செல்கின்றது. இதனையும் நினைவில் வைப்போம்.

வால்வு பெரியது; சூடானது; எளிதில் எரிந்துபோவது. 1946இல் அமெரிக்காவிற் செய்யப்பட்ட எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது ஒரு பெரிய மண்டபத்தையே நிறைத்தது. 1947 திசெம்பரில் பெல் ஆய்வுகூடத்திலே பாடீனும் பிறற்றெயினும் சேர்மானியத் துண்டொன்றில் முதலாவது திரான்சிற்றரைச் செய்தனர். சொக்கிலி வேறொரு வடிவத்தைக் கண்டார். 1956இல் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1954 முதல் திரான்சிற்றர் வானொலிப் பெட்டி கடைக்கு வந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களிலும், தோணியிலும், தோட்டத்து லயத்திலும் இலங்கை வானொலியின் குரல் கேட்டதென்றால், அதற்கு இச்சிறு கருவியே காரணம். 'திரான்சிற்றர்' என்றால் நம் பாட்டன்மாருக்கு வானொலிப் பெட்டியே. பொருளின் பெயர் முழுப் பெட்டிக்கும் ஆகிவந்தது.

மணல்

இரணவிலவிலிருந்து தெற்கே மாரவில. அங்கிருந்து உள்நோக்கிச் சென்றால் நாத்தாண்டியா. தென்னஞ்சோலைகளின் அடியிலே வெண்மணல். இதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சிலிக்காவே. நம் நாட்டிற் கண்ணாடிக்கு மூலப்பொருளாவது இம்மணல்தான். சிலிக்கா என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. பூமியின் மேலோட்டிலே ஒட்சிசனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் மூலகம் சிலிக்கனே. இன்றைய திரான்சிற்றர்களும் இந்தச் சிலிக்கனாலேயே ஆனவை.

அப்படியானால் நம் காலடி மணலே கைத்தொலைபேசிச் சில்லா? இங்கே அவசரப்படுதல் கூடாது. நூற்றுக்கு 98 என்பது கண்ணாடிக்குப் போதும், சில்லுக்குப் போதாது. சில்லுக்குரிய சிலிக்கனிலே நூறு கோடி அணுக்களுக்கு ஒரு வேற்றணுவே இருக்கலாம். அதற்கெனத் தூய படிகக் கற்களைத் தேர்ந்து, மின்வில் உலையிற் கரியோடு உருக்கி, பின்னர் வாயுவாக்கி வடித்து, மீண்டும் உருக்கி, ஒரேயொரு பெரும் பளிங்காக இழுத்தெடுக்கின்றனர். இழுத்தெடுக்கும் முறையை 1916இல் யான் சொக்கிரால்சுக்கி என்னும் போலந்துக்காரர் கண்டார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மைக்கூட்டுக்குப் பதிலாக உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார் என்பது அதுபற்றி வழங்கும் கதை.

மதகு போன்ற திரான்சிற்றரை 1925இலேயே யூலியசு லிலியன்பெல்டு என்பார் மனத்திற் கண்டு காப்புரிமை கேட்டிருந்தார். ஆயின், அதைச் செய்து காட்டும் வகை அன்றில்லை. குறைகடத்தியின் மேற்பரப்பிலே இலத்திரன்கள் சிக்கிக்கொண்டு, மின்புலம் உள்ளே செல்லவிடாது தடுத்தன. 1959இல் எகிப்தின் சயீது துறைமுகத்திற் பிறந்த முகம்மது அத்தல்லாவும் கொரியாவிலே சியோலிற் பிறந்த தாவொன் காங்கும் பெல் ஆய்வுகூடத்தில் அச்சிக்கலை அவிழ்த்தனர். சிலிக்கனின் மேல் சிலிக்கன் ஒட்சைட்டை மெல்லிய போர்வையாகப் படரவிட்டனர். சிலிக்கனின் மேல் சிலிக்காவைப் போர்த்தி அவர்கள் வெற்றி கண்டனர். ஒரு புறம் இலத்திரன் புறப்படும் ஊற்று, மறுபுறம் சென்றடையும் வடிகால், இடையே ஒரு கால்வாய், அதன்மேல் ஒட்சைட்டுப் போர்வை, போர்வையின்மேல் படலை. படலைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கால்வாயில் இலத்திரன் திரளும், ஓட்டம் நிகழும். எடுத்தால் நின்றுவிடும். இன்று உலகில் இயங்கும் கணிப்பொறிகள் யாவும் இதன் வழித்தோன்றல்களே.

பின்னர் நடந்தது சுருக்கத்தின் வரலாறு. சில்லொன்றில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965இல் கோர்டன் மூர் கணித்தார். 1975இல் இரண்டு ஆண்டுக்கொருமுறை எனத் திருத்தினார். 1971இல் வந்த இன்ரெல் 4004 சில்லில் 2,300 திரான்சிற்றர்கள். அவற்றின் அளவு 10 மைக்கிரோமீற்றர். இன்றைய கால்வாயின் நீளம் 20 நனோமீற்றருக்கு அண்மையானது. நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியிலொரு பங்கு. அக்கால்வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிலிக்கன் அணுக்களை வரிசைப்படுத்தினால் நூறு தேறாது. '3 நனோமீற்றர்', '2 நனோமீற்றர்' என்று விளம்பரங்களிற் காண்பவை வாணிகப் பெயர்களே. எந்த உறுப்பினதும் உண்மையான அளவல்ல.

பலகை கசிகின்றது

இவ்வளவு குறுகிய கால்வாயிலே துரூடேயின் சந்தைக் கூட்டம் எங்கே? இலத்திரன் ஒருமுறை மோதிய பின் அடுத்த மோதலுக்கு முன்னர் சராசரியாகச் செல்லும் தூரமும், கால்வாயின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஆகவே பல இலத்திரன்கள் மோதாமலே, அல்லது ஓரிரு தடவை மட்டும் மோதி, மறுகரை சேர்கின்றன. செம்பிலே செக்கனுக்கு மில்லிமீற்றரின் சிறு பங்கு நகர்ந்த அதே இலத்திரன், இங்கே செக்கனுக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கின்றது. கால்வாயைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் இலட்சம் கோடியிலொரு பங்குகூட வேண்டியதில்லை. இரணவிலவின் வெற்றிடக் குழாயிற் கண்ட அந்த நேர்ப் பறப்பு, திண்மப் பளிங்கினுள்ளே திரும்பி வந்துவிட்டது. சப்பான் நாட்டுக் கெஞ்சி நட்டோரி 1994இல் இத்தகைய திரான்சிற்றருக்கான கோட்பாட்டை வகுத்தார்.

மோதலே இல்லையானால் தடையும் இல்லையல்லவா? அதுதான் இல்லை. 1957இல் உறோல்பு இலண்டவர் இதற்கு அடித்தளமான விடையொன்றைச் சொன்னார். 1927இல் செர்மனியிற் பிறந்து, நாசிகளுக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா சேர்ந்தவர் அவர். மின்கடத்தலை மோதலாற் கணிக்காது, ஒரு முனையிற் புகுந்த இலத்திரன் மறுமுனையில் வெளிப்படுவதற்கான நிகழ்தகவாற் கணிக்க வேண்டும் என்றார். 1988இல் ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் இரு குழுவினர் தனித்தனியே சோதனை செய்து, மிகக் குறுகிய வழியொன்றின் கடத்துதிறன் படிப்படியாகவே ஏறுகின்றதெனக் கண்டனர். ஒரு படிக்குரிய தடை சுமார் 12,900 ஓம். வழி எத்துணைக் குற்றமற்றதாயினும், ஒற்றை வழியொன்றின் தடை இதற்குக் கீழே இறங்குவதில்லை. அத்தடை எங்கே இருக்கின்றது? வழியின் நடுவில் இல்லை. அகன்ற உலோகத்திலிருந்து குறுகிய வழிக்குள் இலத்திரன் புகுகின்ற வாயிலிலே இருக்கின்றது.

இவற்றையெல்லாம் ஒரு கணிப்பு முறையாக்கி, மாணவர் கையில் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் சுப்ரியோ தத்தா. 1954இல் அசாமிலே திப்ருகரிற் பிறந்து, கரக்பூரிற் பயின்று, அமெரிக்காவின் பேர்தியூ பல்கலைக்கழகத்தில் 1981 முதல் பணிபுரிந்தவர். சோவியத்து அறிஞர் கெல்திசு 1964இல் வகுத்த கணித முறையை அவர் நனோத் திரான்சிற்றருக்குப் பொருத்திக் காட்டினார். அணுவொன்றிலிருந்து தொடங்கித் திரான்சிற்றர்வரை கட்டியெழுப்பும் முறை அவருடையது. சுவரேறிக் குதிக்கும் இலத்திரனையும், சுவரை ஊடுருவிச் செல்லும் இலத்திரனையும் ஒரே கணக்கிலே அது அடக்குகின்றது.

ஊடுருவலா என்று வியக்கலாம். உப்பளத்து மதகை மீண்டும் நினைப்போம். பலகை மூடியிருந்தாலும், காற்றடித்து அலை எழும்போது சிறிது நீர் பலகையின் மேலாகச் சிந்துவதுண்டு. இலத்திரனுக்கு அந்தக் காற்று வெப்பமாகும். படலையை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும், அறை வெப்பநிலையில் இந்தச் சிந்தலைப் பத்திலொன்றாக்க ஏறக்குறைய 60 மில்லிவோல்ற்று வேண்டும். வழக்கமான திரான்சிற்றர் எதுவும் இந்த எல்லையைத் தாண்டியதில்லை. இது முதலாவது கசிவு. இரண்டாவது கசிவு நீருக்கு இல்லை. இலத்திரனுக்கு மட்டும் உண்டு. பலகை மிக மெலிந்துவிட்டால், இலத்திரனின் அலை அதனூடாகவே மறுபுறம் தோன்றிவிடும். 2000களின் நடுவில் ஒட்சைட்டுப் போர்வை 1.2 நனோமீற்றருக்கு, அதாவது ஐந்தாறு அணுப்படைக்கு, மெலிந்தபோது இக்கசிவு தாங்கொணாததாயிற்று. 2007இல் கவுனியம் கலந்த தடித்த போர்வை வந்தது. படலையைக் கால்வாயின் மேல் மட்டும் வையாது, மூன்று பக்கமும் சூழ வைக்கும் முறையை 1990களின் இறுதியில் சென்மிங் கூவும் தோழரும் பெர்க்கிலியில் உருவாக்கினர். 2011இல் அது பேருற்பத்திக்கு வந்தது. 2022இல் நாற்புறமும் சூழ்ந்த படலை சந்தைக்கு வந்தது.

இக்கசிவை அறிஞர்களின் சிறு கவலையென்று தள்ளிவிட இயலாது. ஓடும்போதும் ஓயும்போதும் சிந்தும் இந்த இலத்திரன்களின் கூலியை யாரோ எங்கோ நிலக்கரியாகக் கொடுக்கின்றனர். 2024இல் உலகின் தரவு நிலையங்கள் உலக மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கை உண்டன. நனோமீற்றருக்குள் நடப்பதற்கும் நுரைச்சோலையிற் படியும் சாம்பலுக்கும் உறவுண்டு.

படலை யார் கையில்?

உப்பின் கதைக்குத் திரும்புவோம். கடலும் வெயிலும் பொதுவாயிருந்தும் உப்பின் படலை ஒரு கையில் இருந்தது. இன்று சிலிக்கனின் நிலை என்ன? மணல் உலகெங்கும் கிடக்கின்றது. இலத்திரனின் பாதையைக் கண்டவர்களோ கல்கத்தாவிலும் இலெனின்கிராதிலும் உழைத்தவர்கள்; வத்திராயிருப்பிலும் சயீது துறைமுகத்திலும், சியோலிலும் திப்ருகரிலும் பிறந்தவர்கள். ஆனால், நுண்மையான சில்லுகளை அச்சிடுதற்குரிய மிகையூதா ஒளியியந்திரத்தைச் செய்வது உலகிலேயே ஒல்லாந்திலுள்ள ஒரு நிறுவனம்தான். அத்தகைய சில்லுகளிற் பெரும்பாலானவை தாய்வானிற் செய்யப்படுகின்றன. 2022 ஒற்றோபரில் அமெரிக்கா, உயர்ந்த சில்லுகளும் அவற்றைச் செய்யும் பொறிகளும் சீனத்துக்குச் செல்லலாகாதெனத் தடை விதித்தது. உலகம் முழுவதும் சேர்ந்து திரட்டிய அறிவு சில மதில்களுக்குள் பூட்டப்படுகின்றது.

இங்கே இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் வந்துவிடலாகாது. மணல் நம்முடையது, அதனை விற்றுச் செல்வராகலாம் என்பது ஒன்று. மகா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் அளவின்றி மணல் அள்ளியதன் பயனை இக்கரை அறியும். ஆறு கடலுக்குக் கொண்டுவர வேண்டிய மணல் வராமற்போக, கடல் கரையைத் தின்றது; தோணி ஏற்றிவைத்த நிலமும் தென்னையும் போயின. சில்லின் விலையிலே மணலின் பங்கு மிக அற்பம். அவ்விலை தலைமுறைகளின் உழைப்புக்கும் அறிவுக்கும் உரியது. இது வல்லரசுகளின் விளையாட்டு, நமக்கென்ன என்பது மற்றது. கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அவ்வாறு சொல்ல நமக்கு உரிமையில்லை. 2008இல் தொடங்கப்பட்ட நனோத் தொழினுட்ப நிறுவகம் இன்று ஓமாகமவிலே இயங்குகின்றது. நம் நாட்டுக் காரீயம் அங்கே ஆராயப்படுகின்றது. சிறிய நாட்டாலும் தொடங்க முடியும் என்பதற்கு அது சான்று.

தொடங்க வேண்டிய இடம் பாடசாலை. 1950களில் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்களைத் தொகுத்தபோது, நம் மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று ஐயுற்றோர் பலர். அவ்வையத்தைத் தாண்டி வந்த சொல்லே இலத்திரன். தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்றோர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உலகெங்கும் இருக்கின்றனர். ஆயினும், புத்தளம் மாவட்டத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. கரையோர ஊரொன்றிற் பிறந்த சிறுமி பௌதிகம் கற்க விரும்பினால், முதலில் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடிப் பல மைல் செல்ல வேண்டியிருக்கின்றது. அவள் கல்லாமைக்குக் காரணம் அவளுடைய அறிவின் குறை என்று சொல்வோர் துரூடேயின் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள். தடை பாதையின் நடுவில் இல்லை, வாயிலில் இருக்கின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! வாயிலை அகலப்படுத்துதல் ஒருவரால் ஆகும் காரியமன்று. விஞ்ஞானப் பிரிவையும் ஆசிரியரையும் கேட்டுப் பெறுதல் ஊர் கூடிச் செய்யும் வேலை. ஆனால், அதற்குக் காத்திராமலே நாம் செய்யக்கூடியதொன்று உண்டு. அடுத்த முறை மாணவரோடு உப்பளத்துக்குச் செல்லும்போது, ஓர் உப்புப் பளிங்கையும் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு பிடி வெண்மணலையும் அவர்கள் கையிற் கொடுப்போம். மூன்றிலும் இலத்திரன் உண்டு; ஒன்றில் நிற்கின்றது, ஒன்றில் ஓடுகின்றது, ஒன்றிலிருந்து வடித்தெடுத்த பளிங்கிலே நாம் சொன்னபடி கேட்கின்றது. ஏன் என்று அவர்கள் கேட்கட்டும். மதகுப் பலகையை ஒருமுறை தாமே உயர்த்திப் பார்க்கட்டும்.